கார்டில் கூடிய நான்கு வயது

என் கால் நாறுகிறது என்று முதலில் சொன்னவர் சித்தியவானில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய். அவர் அதை நேராகச் சொல்லவில்லை. "அண்ணே, இன்னிக்கு வெளி மேசையில உக்காருங்களேன், காத்து நல்லா வருது" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் நான் வெளி மேசையில் உட்கார்ந்ததும் பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் கோப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். பாய் வந்து தோள் துண்டால் மூக்கை மூடியபடி எதிரில் நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. செத்த எலி எங்க கடையில இல்ல. உங்க பூட்ஸுக்குள்ளதான் இருக்கு."

பூட்ஸைக் கழற்றினேன். இடது கணுக்காலின் உள்பக்கத்தில் பத்து நாளுக்கு முன்னால் ஒரு தீக்காயம் பட்டிருந்தது. மோட்டார் சைக்கிள் புகைக்குழாய் சுட்டது. வெள்ளிக்காசு அளவுதான் இருந்தது. இப்போது பாதத்தின் பாதி கறுத்து, ஓரங்களில் பச்சையும் மஞ்சளுமாக வழிந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ நெளிந்தது. பாய் "யா அல்லா" என்று இரண்டடி பின்னால் போனார்.

எனக்கு வலியே இல்லை. இன்றுவரை எனக்கு அருவருப்பாக இருப்பது அந்தப் புழுவல்ல, இந்த வலியில்லாமைதான். வலித்திருந்தால் யோக்கியமாகப் படுத்திருப்பேன். வலிக்காத காலை பூட்ஸுக்குள் ஊறப் போட்டுக்கொண்டு மரப்பட்டறையில் பலகை சுமந்தேன், சினிமாவுக்குப் போனேன், பாய் கடையில் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன்.

நான் எந்த இடத்திலும் நிலைத்து இருந்தவன் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவினேன், காம்பாரில் ஈயச் சுரங்கத்தில் மண் அடித்தேன், பாகான் டத்தோவில் தேங்காய் உரித்தேன், செம்பனை எண்ணெய் ஆலையில் குலை தள்ளினேன், லாரியில் கூலியாக ஏறி எல்லை வரை போய் வந்தேன். ஓரிடத்தில் மூன்று வருஷம் இருந்தால் என் கால் அரிக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் ஓரிடத்தில் இருக்க வேண்டும்.

மரப்பட்டறை முதலாளி, அந்தத் தவுக்கே, நல்ல சீனர். அவரே என்னை வேனில் ஏற்றி ஈப்போவுக்கு அனுப்பினார். பலகைகளோடு பின்னால் படுத்துக்கொண்டு போனேன். ஓட்டுநர் வழியெல்லாம் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டியபடி ஓட்டினான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் பெஞ்சில் எனக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது. என் மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுச் சூடாக்கினார்கள். செங்கல் நிறமாக மாறியது. அதைப் பார்த்துவிட்டு டாக்டர் எனக்கு விளங்கும்படி சொன்னார். ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்காகக் கூடியிருக்கிறது. கூடினால் நரம்பு மரத்துப் போகும், அதனால்தான் வலி தெரியவில்லை. சின்ன ரத்தக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். ரத்தம் போகாத சதை உடம்போடு இருந்தபடியே செத்து அழுகும். அதற்குப் பெயர் கேங்க்ரீன். அது மேலே ஏறும்.

"எவ்வளவு தூரம் ஏறும் டாக்டர்?"

"நிறுத்தலைன்னா முழுசா ஏறும்."

அவர் என்னிடம் கோபப்படவில்லை. நான்தான் என் மேலேயே கோபமாக இருந்தேன். அடிக்கடி தாகம் எடுத்ததும், மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்த்ததும் எனக்குத் தெரியும். பட்டறைக்குப் பின்னால் அந்த எறும்பைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம்.

மூன்றாம் வகுப்பு வார்டில் படுக்கை கொடுத்தார்கள். கட்டணம் சொற்பம், அதற்கும் வழியில்லாதவனுக்குத் தள்ளுபடி உண்டு என்றார்கள். தினமும் காலையில் நர்ஸ் மிஸ்ஸி வந்து கட்டைப் பிரித்து, செத்த சதையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து ஒரு தட்டில் போடுவாள். எனக்கு வலிக்காததால் நான் வேடிக்கை பார்த்தேன். நாலாம் நாள் எலும்பு தெரிந்தது. அன்று கோப்பி குடிக்க முடியவில்லை.

வார்டு குமாஸ்தாவான கிராணி, விவரம் கேட்டு எழுதும் பாரத்தை நிரப்ப வந்த நாளில்தான் காம்பாரிலிருந்து என் அக்கா பச்சையம்மா வந்து சேர்ந்தாள். அங்கே ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் கூட்டிக் கழுவும் வேலை அவளுக்கு. வார்டு வாசலிலேயே நின்று மருந்து எண்ணெயை மூக்குக்குக் கீழே பூசிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"நாறுதுடா. பொய் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, காலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.

கிராணி கேட்டார். "வாரிசு யாரு?"

"இவங்கதான். எங்க அக்கா."

அவர் இரண்டு பேருடைய அடையாளக் கார்டையும் வாங்கிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"அக்காவா? உங்களுக்கு அம்பத்தாறு. இவங்களுக்கு அம்பத்தொண்ணு. உங்கள விட அஞ்சு வயசு சின்னவங்க லா."

"அக்காதான்."

"எப்படி அக்கா?"

அக்கா அவரைப் பார்த்துச் சொன்னாள். "எங்கம்மா என்னைத்தான் மொதல்ல பெத்தா. கவர்மெண்டுதான் இவன மொதல்ல பெத்துச்சு."

கிராணி சிரித்துவிட்டார். "உடன்பிறப்புன்னு போட்டுக்கறேன். யாருக்கும் வம்பு இல்ல" என்று எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த படுக்கையில் இருந்த குப்புசாமி மட்டும் சிரிக்காமல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் அரசாங்கத்தில் ரோடு போட்டு ஓய்வு பெற்றவர். பாகான் டத்தோக்காரர். மூத்திர அடைப்புக்காக வந்திருந்தார். குழாய் சொருகி, கட்டில் ஓரத்தில் பை தொங்கவிட்டிருந்தார்கள். தலையணைக்கு அடியில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பென்ஷன் கார்டு வைத்திருந்தார். ஒரு நாளைக்கு மூன்று தரமாவது அதை எடுத்து எனக்குக் காட்டுவார்.

"பாத்துக்க மச்சான். இந்தக் கார்டு இருந்தா சாகுற வரைக்கும் ஆஸ்பத்திரி நமக்கு மாமியார் வூடு. மருந்து, மாத்திரை, ஆப்பரேஷன், ஒரு காசு கேக்க மாட்டான். எம் பொஞ்சாதிக்கும் உண்டு."

"மாமியார் வூட்டுல இப்படித்தான் குழாய் சொருகுவாங்களா?"

"ஒனக்கு மாமியாரும் இல்ல, கார்டும் இல்ல. பேசாத."

அந்த மனிதரை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் முதுமைக்கு அரசாங்கம் என்னென்ன வைத்திருக்கிறது என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். நாற்பது வருஷம் இந்த மண்ணில் உழைத்தும் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

என்னைப் போலத் தெரியாமல் இருப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன். மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. நாம் மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சேமநிதி என்பது நம் சம்பளத்தில் பிடித்ததும் முதலாளி போட்டதும். ஐம்பத்தைந்தில் மொத்தமாகக் கையில் வரும், வந்தால் போயே போய்விடும். பென்ஷன் அரசாங்க வேலைக்காரர்களுக்கு. பத்து வருஷமாவது சர்வீஸ் நிறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் குப்புசாமி காட்டிய கார்டு. மூன்றாவது, தொழிலாளர் காப்புறுதி. தனியார் வேலைக்காரர்களுக்குச் சம்பளச் சீட்டில் ஓரமாக ஒரு சின்னத் தொகை பிடிப்பார்கள். நான் அதை ஏதோ சங்கச் சந்தா என்று நினைத்திருந்தேன். நோயால் இனி வேலைக்கு லாயக்கில்லை என்று ஆகிவிட்டால் அதிலிருந்து மாதா மாதம் பணம் வரும், வைத்தியமும் பார்ப்பார்கள். கால் போனவனுக்குப் பொய்க்கால் செய்து கொடுப்பார்கள், பழுதானால் மாற்றியும் கொடுப்பார்கள்.

எனக்குக் கால் போனது. முழங்காலுக்கு நாலு விரல் கீழே வெட்டினார்கள். வெட்டுவதற்கு முன்னால் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டு, "எங்கயும் ஓட மாட்டியில்லடா இனிமே" என்றாள். அவள் அதைக் கேலியாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மயக்கம் தெளிந்ததும் இல்லாத பாதத்தில் எனக்கு அரித்தது. எழுந்து சொறியப் போனால் அங்கே வெறும் படுக்கை விரிப்பு. வெட்டிய நரம்புக்குக் கால் போனது தெரியாது, பழைய சேதியையே அனுப்பிக்கொண்டிருக்கும் என்று மிஸ்ஸி சொன்னாள். ஊர் மாறும் நேரத்தில் வரும் அதே அரிப்பு. இந்த அசிங்கத்தை எங்கே போய்ச் சொல்வது?

அக்கா தினமும் பள்ளிக்கூட வேலை முடிந்து காம்பாரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். உப்புக் குறைத்த கஞ்சியும், முருங்கைக்கீரையும், தோல் உரித்த பயறும் தூக்கில் வரும். என் சாரத்தைத் துவைத்துக்கொண்டு போவாள். நான் குளியலறைக்கு நொண்டிப் போய் வழுக்கி விழுந்த அன்று, என்னைத் தூக்கிக் கழுவிவிட்டாள். யாரோ கக்கூஸ் தரையெல்லாம் அசிங்கப்படுத்தி வைத்திருந்ததையும் கையோடு கழுவினாள். "பழகின வேலைதானேடா" என்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கட்டுப் பிரித்த வாரத்தில், ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்கு உதவும் நலப்பகுதியிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். மிஸ் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டாள். தவுக்கே எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அனுப்பியிருந்தார். பார்த்து முகம் மலர்ந்தாள்.

"ரெண்டு முதலாளிங்க ஒழுங்கா கட்டியிருக்காங்க அண்ணே. இதுக்கு மாசப் பணம் வரும், கால் வரும்" என்றாள். அப்புறம் என் கார்டைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் வாடிய விதம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

"அம்பத்தாறு ஆயிடுச்சா உங்களுக்கு?"

"கார்டுல."

"நோய் அம்பத்தஞ்சுக்குள்ள வந்திருக்கணும். அதுக்கு மேல வந்தா அத வயசான கோளாறுன்னுதான் எடுத்துப்பாங்க. பாரம் அனுப்பினாலும் திரும்பி வந்துடும்."

அப்போது நான் அவளிடம் எங்களுக்கு வயது எழுதிய மேசையைப் பற்றிச் சொன்னேன்.

காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை தொடங்கி, எல்லாருக்கும் அடையாளக் கார்டு என்று சட்டம் வந்த வருஷம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மேசை போட்டு, எங்கள் தோட்டத்தின் கிராணியும் போட்டோக்காரனும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கார்டு. எனக்குப் பன்னிரண்டு. ஆள் மட்டும் வாட்டசாட்டம். சிறுவர்களுக்குத் தோட்டத்தில் அரைப் பேர்தான் போடுவார்கள், அரைச் சம்பளம். பெரிய ஆளாக எழுதினால் முழுப் பேர். அம்மா என்னை முன்னால் தள்ளி, "இவனுக்குப் பதினாறு சாமி" என்றாள். கிராணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கங்காணி பக்கத்தில் நின்று தலையாட்டினார். பதினாறு என்று எழுதினார்கள்.

அக்காவுக்கு அப்போது பதினாலு. வயதுக்கு வந்த பெண்ணைப் போட்டோ பிடித்து, படத்தை ஊரார் கையில் கொடுப்பதா என்று தோட்டத்தில் எல்லாருக்கும் பயம். கார்டு வேண்டாம் என்றால் பன்னிரண்டுக்குக் கீழே இருக்க வேண்டும். "இவளுக்குப் பதினொண்ணு" என்றாள் அம்மா. கிராணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் கார்டு எடுக்காமல் முடியாது என்று ஆனபோதும் அந்தக் கணக்கே தொடர்ந்தது.

ஒரே மேசை, ஒரே காலை. நாங்கள் வரிசையிலிருந்து விலகும்போது நான் அவளுக்கு ஐந்து வயது மூத்தவனாகிவிட்டேன். அன்றைக்கு அது ஒரு வேடிக்கை. லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் அவளைத் தலையில் தட்டிக்கொண்டே வந்தேன், அவள் என்னைத் துரத்தித் துரத்தி அடித்தாள். மறுநாளிலிருந்து முழுப் பேருக்கான மரக்கணக்கை என் தலையில் கட்டினார்கள். பன்னிரண்டு வயதுக்காரன் பெரிய ஆள் கணக்குக்குச் சீவ முடியாமல் மரத்தைக் காயப்படுத்தினேன், கங்காணி என்னைக் காயப்படுத்தினார்.

அந்தப் பொய் எனக்கு லாபம் என்றுதான் நான் நாற்பது வருஷம் நினைத்திருந்தேன். போன வருஷம் அந்த நான்கு வயதின் தயவில் சேமநிதியை முன்கூட்டியே வாங்கினேன். கள்ளுக்கடையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். அந்தப் பணத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினேன். அதன் புகைக்குழாய்தான் என் காலைச் சுட்டது. இதை எழுதும்போதே எனக்கு எச்சில் கசக்கிறது.

மிஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள். "பொறப்பு சுராட், அதான் சர்டிபிகேட்டு, இல்லன்னா, உங்களுக்கு மூத்தவங்க ஒருத்தர் சத்தியப் பிரமாணம் பண்ணணும். அத வச்சு கார்ட மாத்தக் கேக்கலாம். ஆனா அண்ணே, அம்பத்திரண்டுன்னு நிரூபிச்சா, அந்தச் சேமநிதிய எப்படி வாங்கினீங்கன்னு அங்க கேப்பாங்க. எந்த வயசு வேணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். ரெண்டு வயச ரெண்டு ஆபீசுல காட்ட முடியாது."

"கேக்கட்டும். மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போவட்டும். எனக்குக் கால் வேணும்."

"மூத்தவங்க யாராச்சும்?"

"நான் இருக்கேன்" என்றாள் அக்கா. தூக்கை மூடிக்கொண்டே, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதைப் போலத்தான் சொன்னாள்.

மிஸ் அவளுடைய கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். "அப்ப உங்க வயசையும் சேத்துத்தான் எழுதணும் அக்கா. கார்டுல நீங்க தங்கச்சி. தங்கச்சி வந்து அண்ணன் பொறந்தத பாத்தேன்னு சத்தியம் பண்ண முடியாது. நீங்க அம்பத்தி நாலுன்னு எழுதணும்."

"எழுதுங்க மிஸ்."

மிஸ் போனதும் குப்புசாமி பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"தங்கச்சி... இல்ல, அக்கா. நீங்க ஸ்கூல்ல கவர்மெண்டு வேலையா?"

"ஆமா."

"எத்தன வருஷம் சர்வீசு?"

"பத்து ஆயிடுச்சு" என்றாள் அக்கா, அவரைப் பார்க்காமல்.

அவள் எழுந்து போன பிறகு எனக்கு உறுத்தியது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, அவள் காம்பாருக்கு வேலைக்குப் போனபோது சாமான்களை லாரியில் ஏற்றி இறக்கியவனே நான்தான். பாகான் டத்தோவிலிருந்து செம்பனை ஆலைக்குப் போன வருஷம். ஏழு வருஷம்தான் ஆகிறது. அதைக் குப்புசாமியிடம் சொன்னேன்.

குப்புசாமி விரல் விட்டு எண்ணினார். இந்த மாதிரி விஷயத்தில் அந்த ஆளுக்குத் தப்பு வராது.

"கவர்மெண்டு வேலை அம்பத்தஞ்சு வரைக்கும்தான். கார்டு வயசுன்னா ஒங்க அக்காவுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு மச்சான். ஏழும் நாலும் பதினொண்ணு. பென்ஷன் உண்டு, கார்டு உண்டு. நெச வயச எழுதினா அடுத்த வருஷம் வூட்டுக்கு அனுப்பிருவான். ஏழும் ஒண்ணும் எட்டு. ஒண்ணும் இல்ல. மூட்டு வலின்னு போனாக்கூட ஒன்னப் போல வரிசையில நிக்கணும்."

நான் போர்வையை இழுத்து மொட்டைக் காலை மூடினேன்.

"ஒனக்குக் கால் வரும். ஒங்க அக்காவுக்குக் கார்டு போவும்" என்றார். தன் கார்டைத் தலையணைக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார்.

மறுநாள் அக்காவிடம் அவள் பென்ஷனைப் பற்றிக் கேட்டேன். "உனக்கு எதுக்கு அதெல்லாம்? பள்ளிக்கூடம் முழுக்கக் கூட்டினவளுக்கு யாரோட வூட்டையாவது கூட்டிப் பொழைக்க முடியாதா?" என்று அவள் என் வாயை அடைத்தாள். நான் மேற்கொண்டு பேசவில்லை. என்னைப் பற்றி நான் எழுத வேண்டிய மிகக் கேவலமான வாக்கியம் இதுதான்: பேசாமல் இருந்தது அவளுக்கு மரியாதை கொடுத்து அல்ல. எனக்குக் கால் வேண்டியிருந்தது. பொய்க்கால் போட்ட ஒரு மலாய்க்காரர் வார்டுக்கு வந்து, கால்சட்டையைத் தூக்கிக் காட்டி, சைக்கிள்கூட மிதிப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்து கண்ணை மூடினாலே நான் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன்.

என்னை வீட்டுக்கு அனுப்பிய அன்றே பிரமாணத்துக்கு ஏற்பாடு. மிஸ் பாரத்தை அடித்துக் கொடுத்திருந்தாள். ஈப்போ பழைய டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில், பிரமாணம் வாங்கும் பெரியவர் ஒருவருடைய அறை. படிகள் செங்குத்து. ஊன்றுகோலோடு ஏற முடியவில்லை. முதுகைப் படிப்பக்கம் திருப்பி உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகப் பின்பக்கத்தால் ஏறினேன். அக்கா கீழ்ப்படியில் குனிந்து நின்று, என் மொட்டைக் கால் இடித்துக்கொள்ளாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்தாள். அவள் நரை முடி என் முகத்துக்கு நேராக இருந்தது. மூட்டு வலியில் ஒவ்வொரு படிக்கும் "ம்ம்" என்று ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. பதினேழு படிகள். பதினேழு தரம் அந்தச் சத்தம். தனக்கு அது வருவதே அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

பெரியவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். பாரத்தைப் படித்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"யாரு பிரமாணம் பண்றது?"

"நான்தாங்க" என்று அக்கா முன்னால் போனாள். பெருவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மைப்பெட்டி திறந்திருந்தது.

"இவருக்கு நீங்க யாரும்மா?"

"நான் இவனோட..."

"தங்கச்சி" என்றேன்.

அக்கா திரும்பினாள். பெரியவர் பாரத்தில் விரலை வைத்தார்.

"அக்கான்னு அடிச்சிருக்கே."

"தப்பா அடிச்சிட்டாங்க சார். எனக்கு அம்பத்தாறு. கார்டு சரியாத்தான் இருக்கு."

"அப்ப எதுக்கு இவ்வளவு தூரம் ஏறி வந்தீங்க?"

"காத்து வாங்கத்தான்."

"டேய்!" அக்காவின் சத்தத்தில் மேசையிலிருந்த காகிதம் பறந்துவிடும் போலிருந்தது. "என்னடா பேசற நீ? கால் வேணாமாடா உனக்கு? சார், இவனுக்கு மயக்க மருந்து இன்னும் தெளியல. நான்தான் சார் மூத்தவ. இவன இடுப்புல தூக்கி வளத்தவ சார்..."

பெரியவர் கண்ணாடியை மறுபடியும் கண்ணுக்கு இறக்கினார். எங்கள் இரண்டு கார்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவளுடைய கார்டோடு பள்ளிக்கூட வேலைச் சீட்டும் இருந்தது. அதையும் நின்று நிதானமாகப் பார்த்தார். நாற்பது வருஷமாகத் தோட்டத்துச் சனங்கள் அந்தப் படியேறி வந்து வயது சொல்வதைக் கேட்டவர். அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். மைப்பெட்டியை மூடினார்.

"ஏம்மா," என்றார் மெதுவாக, "அண்ணன யாராச்சும் டேய்னு கூப்பிடுவாங்களா? ஆபீசுல, ஆளுங்க முன்னால?"

அக்காவின் பெருவிரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது. பெரியவர் பாரத்தை மடித்து என்னிடம் நீட்டினார். ஒரு காசும் வாங்கவில்லை.

அக்கா என்னை முந்திக்கொண்டு வெளியே போனாள். நான் ஊன்றுகோலைத் தட்டித் தடவி மாடிப்படி வரை வந்து உட்கார்ந்தேன். அவள் நாலு படி கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. எனக்குள் ஒரு துளி பெருமையும் இல்லை. சரியாக ஒரு காரியம் செய்தால் மனம் லேசாகும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்தது அருவருப்புதான். பெரட்டுக் களத்து மேசையில் உட்கார்ந்திருந்த அந்தக் கிராணி மேல், அம்மா மேல், தலையாட்டிய கங்காணி மேல், இல்லாத பாதத்தில் அந்த நேரத்திலும் அரித்துக்கொண்டிருந்த என் மேல்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி ஏறி வந்தாள். குனிந்தாள். என் மொட்டைக் காலை மறுபடியும் இரண்டு கையாலும் தாங்கினாள். கீழேயிருந்து யாரோ இரண்டு பேர் காகிதங்களோடு மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி, பிறந்ததிலிருந்து என்னிடம் பேசாத ஒரு குரலில் சொன்னாள்.

"மெதுவா எறங்குங்க அண்ணே."